மறுமையைப் பேசும் திகில் படங்களின் ஐயமான முடிவைப் படிக்கும் முறை

திகில் படம் முடிந்து விளக்கைப் போட்டதும் எழுகிற முதல் கேள்வி பெரும்பாலும் பயனற்ற கேள்வியாகவே அமைகிறது. "அப்படியானால் அவள் செத்துவிட்டாளா, இல்லையா?" என்று கேட்கிறோம். அதற்குப் படம் அரை மணி நேரத்துக்கு முன்பே விடை சொல்லியிருக்கும். சொல்லாமல் விட்டது வேறொன்றாக இருக்கும். இறந்தபின் என்ன ஆகிறது என்பதைப் பொருளாகக் கொண்ட படங்களில் இயக்குநர் திறந்து வைத்திருக்கும் இடம் நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது என்பதும், அந்த இடம் எது என்று அறிந்துகொண்டால் சண்டையில் முக்கால் பங்கு தானாகவே தீர்ந்துவிடும் என்பதும் என் எண்ணம். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடொன்றின் வளவில், அதாவது நடு முற்றத்தில், வெள்ளைத் துணி கட்டி, உறவினரும் அண்டை வீட்டாரும் கூடிப் படம் பார்ப்பது எங்கள் வழக்கம். அங்கே நடந்த வாக்குவாதங்களிலிருந்து தேறிய முறை இது. முடிவுகளைப் பற்றியே எழுத வேண்டியிருப்பதால், கீழே பேசப்படும் படங்களின் முடிவுகளை மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கண்டதை மட்டும் எழுதுதல்

முடிவைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன், கடைசி ஐந்து நிமிடங்களில் திரையில் கண்டதையும் காதில் கேட்டதையும் ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். எழுதும்போது பேய், ஆவி, கனவு, பிரமை ஆகிய சொற்களை விலக்க வேண்டும், ஏனென்றால் இவை நான்கும் கண்ட பொருளின் பெயர்கள் ஆகா, நாம் செய்த தீர்ப்பின் பெயர்கள். இது எளிதாகத் தோன்றும். செய்து பார்த்தால்தான் நாம் எவ்வளவு விரைவாகத் தீர்ப்புக்குத் தாவுகிறோம் என்பது தெரியும்.

ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) படத்தின் முடிவை இவ்வாறு எழுதினால் இவ்வளவுதான் வரும். ஒருவன் பனியில் உறைந்து கிடக்கிறான். அடுத்து, ஆளில்லாத விடுதியின் சுவரில் மாட்டியிருக்கும் புகைப்படங்களை நோக்கிக் கேமரா மெதுவாக நகர்கிறது. பழைய நடனப் பாட்டு ஒன்று ஒலிக்கிறது. ஒரு படத்தில் விருந்துக் கூட்டத்தின் முன்வரிசையில் அவனுடைய முகம் சிரிக்கிறது. அடியில் 1921 ஜூலை 4 என்ற தேதி இருக்கிறது.

இதற்கு மேல் நாம் சொல்வதெல்லாம் நம்முடையவை. விடுதி அவனை விழுங்கிக்கொண்டது என்று ஒருவர் சொல்வார். அவன் முற்பிறவியிலும் அங்கேதான் இருந்தான் என்று மறுபிறவி நம்புகிற நம்மவர் சொல்வார். தாளைப் பார்த்தால் இருவரும் எங்கே பிரிகிறார்கள் என்பது தெளிவாகிவிடுகிறது: அந்த முகம் புகைப்படத்தில் தொடக்கத்திலிருந்தே இருந்ததா, அவன் இறந்தபின் வந்து சேர்ந்ததா என்பதுதான் வேறுபாடு. அந்தப் படத்தை அதற்கு முன்பு நமக்கு நெருக்கத்தில் காட்டவே இல்லை. ஆகவே திறந்திருக்கும் இடம் அந்த ஒன்றே. 'விடுதியில் பேய்கள் உண்டா' என்ற கேள்வி இந்தப் புகைப்படத்தைச் சார்ந்ததே இல்லை. அதற்கான விடை வேறொரு காட்சியில் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

படம் வகுத்துக்கொண்ட சட்டம்

இறந்தோரைப் பற்றிய ஒவ்வொரு படமும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தனக்கென ஒரு சட்டத்தை வகுத்துக்கொள்கிறது. இறந்தவரை யார் பார்க்க முடியும், இறந்தவர் எதைத் தொட முடியும், தாம் இறந்துவிட்டதை அவர் அறிவாரா, எந்த எல்லையைத் தாண்ட முடியாது, ஏன் போகாமல் நிற்கிறார் என்பவையே அந்தச் சட்டத்தின் பிரிவுகள். எல்லாப் பிரிவுகளையும் எல்லாப் படமும் சொல்வதில்லை. சொன்னவற்றைக் குறித்துக்கொண்டு, முடிவை அவற்றின் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

'தி சிக்ஸ்த் சென்ஸ்' (1999) படத்தின் முடிவில் ஐயம் ஏதும் இல்லை. ஆயினும் சட்டத்தைப் படிக்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல பயிற்சிப் படம் இல்லை. இறந்தோர் தாம் இறந்ததை அறியார், தாம் காண விரும்புவதையே காண்பார் என்று, அவர்களைக் காணும் சிறுவன் வாய்விட்டே சொல்லிவிடுகிறான். அதற்குப் பிறகு, மணநாள் விருந்துக்குத் தாமதமாக வந்து மனைவிக்கு எதிரே அமரும், தாம் இறந்ததை அறியாத மருத்துவரின் காட்சியை மறுபடி பாருங்கள். அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். அவள் தலை நிமிரவில்லை. பில் வருகிறது. அவர் கை நீட்டுவதற்குள் அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். முதல் முறை பார்க்கையில் அது ஊடல். இரண்டாம் முறை பார்க்கையில் அவள் தனியாகச் சாப்பிட்டுத் தனியாகப் பணம் கட்டிவிட்டுப் போகிறாள். ஒரே காட்சி இரண்டு கணக்கிலும் பிசகாமல் நிற்கிறது. ஐயமான முடிவுள்ள படத்திலும் நாம் தேட வேண்டியவை இத்தகைய காட்சிகளே.

இந்தச் சட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை. பெரும்பாலும் ஒரு சமயத்திலிருந்து கடன் வாங்கியதாக இருக்கும். கத்தோலிக்க மரபில் சொர்க்கம், நரகம் ஆகியவற்றோடு பாவம் கழியும் உத்தரிக்கும் தலமும் உண்டு. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கென லிம்போ என்ற இடைநிலையைப் பற்றியும் நெடுங்காலம் பேசி வந்தார்கள். சீர்திருத்த கிறித்தவர்கள் உத்தரிக்கும் தலத்தை மறுத்தார்கள். ஆகவே அந்த மரபில் இறந்தவர் திரும்பி வந்து நிற்பதற்கு இடமே இல்லை, வந்து நிற்பது பிசாசின் வேடமாகவோ கண்டவரின் பிரமையாகவோதான் இருக்க வேண்டும். ஆங்கிலத் திகில் கதைகளில் 'பேயா, பைத்தியமா' என்ற கேள்வி ஓயாமல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம் வழக்கு வேறு. காரியம் முறையாக நடந்தால் இறந்தவர் தென்புலத்தாரோடு சேர்ந்து வீட்டுக்குக் காவலாகிறார். அகால மரணமும் நடக்காமல் போன காரியமும்தான் அலையும் ஆவியை உண்டாக்குகின்றன. மிஷ்கினின் 'பிசாசு' (2014) படத்தில் தகப்பன் மகளின் உடலைத் தகனம் செய்யாமல் பனிக்கட்டித் தொழிற்சாலையில் வைத்திருக்கிறார். அவள் ஏன் போகவில்லை என்பதற்கு நம் ஊர்ப் பார்வையாளருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. உடல் எரியாமல் இருக்கிறது என்பதே விளக்கம்.

சட்டம் எந்தச் சமயத்துடையது என்று பார்ப்பதில் செட்டிநாட்டு வீட்டில் அமர்ந்து படம் பார்ப்பவருக்கு ஒரு வசதியும் ஓர் இடையூறும் உண்டு. 'தி அதர்ஸ்' (2001) பார்த்த இரவில் அது நன்றாக விளங்கியது. இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த காலம், ஜெர்சி தீவில் ஒரு பெரிய வீடு, வெயில் பட்டால் ஆகாத இரு பிள்ளைகள், அறைக்கு அறை கதவைப் பூட்டித் திரையை இழுத்துவிடும் தாய். வீட்டில் யாரோ நடமாடுகிறார்கள். இறுதியில் ஆவியோடு பேசும் கிழவி ஒருத்தியைச் சுற்றி உயிரோடு இருக்கும் ஒரு குடும்பம் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம்; இதுவரை நாம் வீட்டுக்காரர் என்று நம்பியவர்களே இறந்தவர்கள். பிள்ளைகளைக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்டது அந்தத் தாய்தான். வந்தவர்கள் வீட்டைக் காலி செய்து போகிறார்கள். இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

கூடியிருந்த இளையவர்கள் இதைக் கொடிய தண்டனை என்று எடுத்துக்கொண்டார்கள்: கொலை செய்தவள், கொல்லப்பட்ட பிள்ளைகளுடன் அதே வீட்டில் முடிவில்லாமல் அடைந்து கிடக்க வேண்டியதுதான். தூணில் சாய்ந்திருந்த அப்பத்தா ஒருவர் அதை ஒப்பவில்லை. "செத்தவுக அவுக வீட்டுல இருக்காக. இதுல தண்டனை எங்க வந்துச்சு? காசு குடுத்து வந்தவுகளுக்குத்தான் அங்க இடமில்லை" என்றார். நகரத்தார் வீடுகளில் பங்காளிகள் கூடி, முன்னோருக்குப் புதுச் சேலையும் வேட்டியும் வைத்து, விருந்து சமைத்து இலை போட்டுப் படைப்பு நடத்துவார்கள். சென்னையிலும் வெளிநாடுகளிலும் இருப்பவர்கள் ஆண்டு முழுதும் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறக்க வருவது கலியாணத்துக்கும் படைப்புக்கும்தான். அந்த வழக்கில் வளர்ந்தவருக்கு, இறந்தவர் வீட்டில் இருப்பது இயல்பு. இல்லாமல் போவதே குறை.

இங்கேதான் கவனம் வேண்டும். நம் வழக்கைத் திரையில் ஏற்றிப் படிப்பது பிழை என்று சொல்லி அப்பத்தாவை அடக்கிவிடலாம். ஆனால் படத்தைத் திரும்பப் பார்த்தால் அவர் சொன்னதற்குப் படத்திலேயே சான்று இருக்கிறது. தாய் தொடக்கம் முதல் பிள்ளைகளுக்கு நரகத்தையும் லிம்போவையும் பாடமாக நடத்துகிறவள். இறுதியில் மகள் அதைப் பற்றிக் கேட்கும்போது, அப்படி ஓர் இடம் உண்டா என்பதே தனக்குத் தெரியாது என்கிறாள். பிறகு பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, இந்த வீடு எங்களுடையது என்று மூவரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வெயில் அவர்களைச் சுடவில்லை. அதாவது படம் ஒரு சமயத்தின் சட்டத்தை முழுநீளம் பின்பற்றிவிட்டு, கடைசியில் அந்தச் சட்டத்தைப் பாத்திரத்தின் கையாலேயே கீழே வைக்கச் செய்கிறது. இறந்தவர் யார் என்பதில் ஐயம் ஏதும் மிச்சமில்லை. அவர்கள் இருக்கும் இடத்துக்கு என்ன பெயர், அது தண்டனையா உரிமையா என்பது மட்டும் திறந்திருக்கிறது. அந்த இடத்தில் இளையவர்களுக்கும் இடம் உண்டு, அப்பத்தாவுக்கும் உண்டு. பிள்ளைகளைக் கொன்ற கை அந்த அணைப்பில் இருப்பதை அவர் சற்று இலேசாகக் கடந்துவிட்டார் என்பது மட்டும் என் குறை.

ஆகவே வழிமுறை இதுதான்: முதலில் படம் எந்தச் சமயத்தின் சட்டத்தைக் கடன் வாங்கியது என்று பாருங்கள், பிறகு முடிவில் அந்தச் சட்டம் நிலைக்கிறதா, மீறப்படுகிறதா, கைவிடப்படுகிறதா என்று பாருங்கள். கைவிடப்படும் இடத்தில்தான் நம் சொந்த மரபைக் கொண்டு படிக்க உரிமை வருகிறது; அதற்கு முன்பு இல்லை.

சாட்சி யார்?

சட்டத்துக்கு அடுத்தது சாட்சி. திரையில் தெரிவதை யார் கண்கொண்டு பார்க்கிறோம் என்று ஒவ்வொரு முக்கியக் காட்சியிலும் கேட்க வேண்டும். ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் வெளியிட்ட குறுநாவலைத் தழுவிய 'தி இன்னொசன்ட்ஸ்' (1961) இதற்குப் பாடநூல். ஆசிரியையாக வந்தவள் இறந்துபோன இருவரின் உருவங்களைக் காண்கிறாள். வீட்டைப் பராமரிக்கும் பெண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. பிள்ளைகள் தெரியவில்லை என்கிறார்கள். ஓரிடத்தில், பாட அறையில் மேசையருகே கறுப்புடையில் ஒரு பெண் அழுவதை ஆசிரியை காண்கிறாள். கிட்டே போனால் யாரும் இல்லை. பலகையின்மேல் ஒரு துளிக் கண்ணீர் ஈரமாக நிற்கிறது, விரலால் தொடுகிறாள்.

இந்த ஒரு துளியைக் கொண்டு பேய் உண்டு என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அப்போது கேட்க வேண்டியது: அந்த ஈரத்தை வேறு யார் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை. அறையில் அவள் தனியே இருக்கிறாள், கேமராவும் அவளோடுதான் இருக்கிறது. பொருளாகத் தெரிந்தாலும் அது அவளுடைய சாட்சியமே. படம் முடியும்போது சிறுவன் அவள் கையில் இறந்து கிடக்கிறான். ஆவி விட்டுப் போனதால் இறந்தானா, அவள் கொடுத்த அச்சத்தால் இறந்தானா என்பதைப் படம் கடைசி வரை சமமாகவே பிடித்து நிறுத்துகிறது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மறுபக்கத்தில் ஒரு காட்சி மிஞ்சும். இதைத்தான் நேர்மையான ஐயம் என்பேன். இத்தகைய முடிவு மிக அரிது.

'தி ஷைனிங்' படத்தை இதே அளவுகோலால் பார்த்தால் நிலைமை மாறுகிறது. கடைசியில் பனியில் உறைந்து கிடக்கும் அந்த எழுத்தாளன் பேசும் உருவங்கள் எல்லாம் அவன் மனத்தில் தோன்றியவை என்று வெகுநேரம் வரை சொல்லிவிடலாம். அவற்றில் பலவற்றின் எதிரே கண்ணாடியும் இருக்கிறது. ஆனால் மனைவி அவனைச் சாமான் அறையில் அடைத்து வெளியே தாழிடுகிறாள். உள்ளே இருப்பவனோடு ஒரு குரல் பேசுகிறது. பிறகு வெளித்தாழ் திறக்கும் ஓசை கேட்கிறது. அவன் வெளியே வந்துவிடுகிறான். பிரமை தாழ் திறக்காது. உருவங்களைப் பற்றிய கேள்வி அங்கேயே பெருமளவு முடிந்துவிடுகிறது என்பதால்தான், கடைசிப் புகைப்படத்தைப் பேய் உண்டா என்ற வழக்குக்குச் சாட்சியாக இழுக்க வேண்டாம் என்று முன்பு சொன்னேன்.

பொய்சொல்லும் சாட்சி இருக்கும் படத்தில் கணக்கு இன்னும் கடினம். கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' (2012) படத்தில் பங்களாவுக்குள் நடந்த அத்தனையும் நாயகன் வாயால் வந்த கதை. அது இட்டுக்கட்டியது என்று பின்னர் தெரிகிறது. ஆகவே பங்களாக் காட்சிகளுக்குச் சாட்சி மதிப்பு ஏதுமில்லை. ஆனால் அவன் முதலாளியின் வீட்டுப் பெண்ணுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்பதைப் படம் அவனுடைய கட்டுக்கதைக்கு வெளியே வைத்துக் காட்டிவிடுகிறது. கடைசியில் அவன் வேறொரு வீட்டுக்குப் பீட்சா கொடுக்கப் போகும்போது விளக்கு அணைந்து கதவு மூடிக்கொள்வதை, பொய்யனுக்கு வந்த பயம் என்று மட்டும் படித்தால் அந்தப் பெண்ணின் காட்சி வீணாகிவிடும். எந்த விளக்கம் முந்தைய காட்சி ஒன்றை வீணாக்குகிறதோ அது வலுவற்ற விளக்கம் என்று கொள்ளலாம்.

வீட்டின் வரைபடம்

இதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. ஆனால் செட்டிநாட்டாருக்கு இது கைவந்த கலை. எங்கள் வீடுகளில் முகப்பிலிருந்து வளவு கடந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேராக அமைந்திருப்பதால், எந்த அறைக்கு எந்த வழி என்பது சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். திகில் படத்தின் வீட்டையும் அப்படி ஒரு தாளில் வரைந்துகொண்டு, கதவுகளையும் சன்னல்களையும் குறித்து வாருங்கள். 'தி ஷைனிங்' விடுதியில் மேலாளர் அறையின் சன்னலில் வெளிச்சம் தெரிகிறது. அந்த அறையின் பின்னால் நடைபாதை இருக்கிறது, வெளியைப் பார்த்த சன்னல் இருக்க வழியே இல்லை. கட்டடமே நம்பத்தகாதது என்று படம் நமக்குக் குறிப்புக் காட்டுகிறது என்று பலர் இதைப் படித்திருக்கிறார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. ஏவி. மெய்யப்பன் 1940களில் காரைக்குடியில் படப்பிடிப்புத் தளம் நடத்தினார். 'நாம் இருவர்' (1947) இங்கே உருவான படம். அதற்குப் பிறகும் கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கத்து வீடுகளில் படப்பிடிப்பு ஓயவில்லை. வாசல் ஓர் ஊரிலும், மாடிப்படி இன்னோர் ஊரிலும், உள்ளறை சென்னையிலும் எடுக்கப்படுவதை நாங்கள் பார்த்தே பழகியவர்கள். (பூசை நடக்கும் வீட்டுக்கு ஒட்டடை கட்டி, பேய் பங்களா என்று பலகை வைத்துவிட்டுப் போவதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.) ஆகவே அறைகள் பொருந்தாமல் இருந்தால் உடனே அதில் மறைபொருள் தேடக்கூடாது. பொருந்தாமை மீண்டும் மீண்டும், கதையின் முக்கியமான தருணங்களில் வந்தால் மட்டும் கணக்கில் சேர்க்கலாம்.

ஐந்தொகை எடுத்தல்

இனி, எழுதியவற்றை இரு பத்திகளாகப் பிரிக்க வேண்டும். சிட்டையில் எழுதிப் பேரேட்டில் ஏற்றிய கணக்குக்கு ஐந்தொகை, அதாவது இரு பக்கமும் நேர் பார்க்கும் இருப்புக் கணக்கு, எடுப்பதுபோல, ஒரு விளக்கத்துக்கு ஆதரவானவை ஒரு பக்கமும் அதற்கு ஒவ்வாதவை மறுபக்கமும் நிற்கட்டும். இரண்டு பக்கமும் கூடி வராமல் மிஞ்சுவது எதுவோ அதுதான் படம் திறந்து வைத்த இடம்.

ஹெர்க் ஹார்வியின் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962) படத்தை வைத்துச் செய்து பார்ப்போம். ஒரு கார் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. வெகுநேரம் கழித்து ஒருத்தி மட்டும் கரையேறி வருகிறாள். வேறு மாநிலத்துக்குப் போய்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலையில் சேர்கிறாள். வெளுத்த முகமுள்ள ஒருவன் பின்தொடர்கிறான். சில நேரங்களில் உலகம் ஓசையற்றுப் போய், யாரும் அவளைக் காணாமல், அவள் குரலைக் கேளாமல் நடந்து போகிறார்கள். இறுதியில் ஏரிக்கரையில் கைவிடப்பட்ட கேளிக்கை மண்டபத்தருகே அவளைத் துரத்திப் பிடிக்கிறார்கள். ஆற்றிலிருந்து கார் மேலே தூக்கப்படுகிறது. உள்ளே மற்றவர்களோடு அவளும் பிணமாக இருக்கிறாள்.

எல்லாரும் சொல்லும் விளக்கம், இடையில் நடந்தது முழுதும் சாகும் தறுவாயில் அவள் கண்ட கனவு என்பது. ஆதரவுப் பத்தியில் காரில் உள்ள உடல், ஓசையற்ற நேரங்கள், பின்தொடரும் முகம் ஆகியவை வரும். எதிர்ப்பத்தியில் ஒரே ஒரு காட்சி: அவள் மறைந்தபின், போதகரும் மருத்துவரும் காவலரும் மணலில் அவள் காலடித் தடங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தடங்கள் ஓரிடத்தில் வந்து சட்டென்று நின்றுவிடுகின்றன. அந்தக் காட்சியில் அவள் இல்லை. கனவு காண்பவள் இல்லாத இடத்தில் கனவு எப்படி நடக்கும்? பாதம் பதிந்த மணலை வேறு மூவர் பார்க்கிறார்கள் என்றால், இறந்தபின் அவள் ஏதோ ஒரு வகையில் உடலோடு நடமாடியிருக்கிறாள். வீட்டுக்காரியோடும் அண்டை அறைக்காரனோடும் உண்மையாகவே பேசியிருக்கிறாள். கனவு என்ற விளக்கம் அந்த மணலில் சறுக்கிவிடுகிறது. மிஞ்சும் கேள்வி, அவளுக்கு அந்தச் சில நாட்களை யார், எதற்காகக் கொடுத்தார்கள் என்பது. படம் அதற்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இதனோடு 'ஜேக்கப்ஸ் லேடர்' (1990) படத்தை ஒப்பிடுவது பயன் தரும். அதில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிவிட்டதாக நாம் நம்பிய வீரன், கடைசியில் போர்க்கள மருத்துவக் கூடாரத்தில் இறந்து கிடக்கிறான். அவன் கண்ட உலகத்துக்கு அவனைத் தவிர வலுவான வெளிச்சாட்சி இல்லை; அங்கே சாகும் தறுவாயின் தரிசனம் என்ற விளக்கம் நன்றாக நிற்கிறது. ஆனால் படம் முடிந்தபின் வரும் எழுத்துக் குறிப்பு, படைவீரர்மேல் ஒரு மருந்தைச் சோதித்ததாகச் சொல்லப்பட்ட செய்தியையும், அதை இராணுவத் தலைமையகம் மறுத்ததையும் சொல்லி, மனத்தில் ஏறக்குறைய அமைந்துவிட்ட கணக்கைக் கலைத்துவிடுகிறது. அந்தக் குறிப்பு இல்லாதிருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும் என்பது என் கருத்து.

ஐந்தொகை எடுத்துப் பார்த்தால் சில முடிவுகள் ஐயமான முடிவுகளே இல்லை என்றும் தெரியவரும். எல்லாம் முடிந்து பிணத்தைப் புதைத்தபின் கடைசி நொடியில் ஒரு கண் திறப்பதும், கண்ணாடியில் ஒரு நிழல் போவதும், முன்பு வகுத்த சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லாமல் வந்தால், அது அடுத்த பாகத்துக்குப் போட்ட துண்டு. அதைப் பற்றி இரவு பன்னிரண்டு மணிக்கு வாதாடுவது வீண்.

வெளியிலிருந்து வரும் சான்று

இயக்குநர் பேட்டியில் என்ன சொன்னார் என்று தேடுவது கடைசி வேலையாக இருக்கட்டும். 'பேன்ஸ் லாபிரிந்த்' (2006) படத்தில் சிறுமி கண்ட மாய உலகம் உண்மையானதே என்று கில்லெர்மோ டெல் டோரோ பலமுறை சொல்லியிருக்கிறார். பூட்டிய அறையிலிருந்து சுண்ணக்கட்டியால் வரைந்த கதவின் வழியே அவள் வெளியேறியதை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். ஆனால் கொடியவனான படைத்தலைவனின் கண்ணுக்கு அவள் வெற்றுக் காற்றோடு பேசிக்கொண்டிருப்பதாகவே படம் காட்டுகிறது, அந்தக் காட்சியையும் எடுத்தவர் அவரேதான். இயக்குநரின் சொல்லை வலுவான ஒரு பதிவாகப் பேரேட்டில் ஏற்றலாம். தீர்ப்பாக ஏற்க வேண்டியதில்லை.

வெட்டி நீக்கிய காட்சிகளும் இவ்வாறே. 'தி ஷைனிங்' வெளியானபோது தாயும் மகனும் மருத்துவமனையில் இருக்கும் ஒரு சிறு காட்சி முடிவில் இருந்தது. குப்ரிக் அதை விரைவிலேயே நீக்கிவிட்டார். அதில் என்ன இருந்தது என்பதைவிட, புகைப்படத்தோடு படம் முடிய வேண்டும் என்று அவர் முடிவு செய்தார் என்பதே நமக்குப் பயன்படும் செய்தி.

தமிழில் பார்ப்பவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொலைக்காட்சியில் வரும் மொழிமாற்றுப் படங்களில் நேரத்துக்காகக் கடைசி நிமிடங்கள் வெட்டுப்படுவது உண்டு. மௌனமாக விடப்பட்ட இடத்தில் பின்னணிக் குரல் வந்து விளக்கம் சொல்வதும் உண்டு. ஆகவே வாதாடத் தொடங்கும் முன், பார்த்த பதிப்பின் ஓடும் நேரத்தை மூலப் பதிப்பின் நேரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் மூலத்தைத் தேடிப் பிடித்து, கடைசி ஐந்து நிமிடங்களைத் தனியே போட்டுப் பாருங்கள். முதல் தாளில் எழுதிய குறிப்பில் எது மாறுகிறது என்று பார்த்து, மாறியதை வேறு மையில் திருத்திவிட்டு ஐந்தொகையை மறுபடி எடுங்கள். உடனே படத்தின் முதல் பத்து நிமிடங்களையும் ஓட விடுங்கள். இறந்தோரின் சட்டத்தில் ஒரு பிரிவையாவது அங்கே வைத்திருப்பார்கள்; முடிவு தெரிந்த கண்ணுக்கு அது இப்போது தட்டுப்படும்.